எத்தனையாவது உதையில் ஸ்டார்ட் ஆகும்?

(பழைய மோட்டார் சைக்கிள் சிறப்புக் கேள்வி–பதில்)

கே: ஆர்எக்ஸ் 100 ஒன்றுக்கு ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். அந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே?
– கணக்குப்பிள்ளை, கரூர்

ப: தாராளமாக வரும். ஆனால் அந்தப் புது வண்டியை டீக்கடை வாசலில் நிறுத்தினால், முன்பின் தெரியாத ஒருவர் டம்ளரோடு பக்கத்தில் வந்து, "அண்ணே, எந்த வருஷ மாடல்?" என்று கேட்கமாட்டார். ஒன்றேகால் லட்சத்தில் பாதி அந்தக் கேள்விக்கான விலை.

மீதிப் பாதிக்கு நியாயம் உண்டு. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடையோ நூறு கிலோவுக்குச் சற்று மேல். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் முன்சக்கரம் லேசாவது இதனால்தான். 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு கைகோத்து இதை இறக்கியது, 1996-ல் தயாரிப்பு நின்றது. ஆக, இருப்பதிலேயே இளைய ஆர்எக்ஸ் 100-க்கும் கல்யாண வயது தாண்டிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு, "பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு சார்" என்று சொல்பவரிடம், ஸ்பீடோமீட்டர் கேபிள் எந்த வருஷம் அறுந்தது என்று மட்டும் கேளுங்கள்.

ஓட்டுகிற சுகம்தான் வேண்டும், ஊர் பார்க்க வேண்டாம் என்றால், அதே தலைமுறை டிவிஎஸ் சுசுகி சாமுராயைத் தேடுங்கள். அதன் பின்னால் இவ்வளவு கூட்டம் இல்லை.

கே: "ஒரே ஓனர். டாக்டர் ஓட்டின வண்டி" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– நோயாளி, கும்பகோணம்

ப: தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதியை டாக்டர்களும் மீதியை ஹெட்மாஸ்டர்களும் ஓட்டியிருக்கிறார்கள். வேறு யாருமே வண்டி வைத்திருந்ததில்லை போலும். ஆர்சி புத்தகத்தில் தொழில் இருக்காது. எத்தனையாவது ஓனர் என்பது இருக்கும். அதைப் படியுங்கள்.

கே: ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ஸ்ப்ளெண்டரும் ஒரு புல்லட்டும் பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
– முதல் தடவை, திருப்பத்தூர்

ப: பார்க்கவே வேண்டாம், தொட்டுப் பாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய், வணக்கம் சொல்லிக்கொண்டே இன்ஜின்மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதை உதைத்து எழுப்பிவிட்டார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பது நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விஷயம். அவர் மறைக்க விரும்பிய முதல் விஷயமும் அதுதான். டீ சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, ஆறவிட்டுப் பிறகு கிளப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது புகை. இரண்டும் ஃபோர் ஸ்ட்ரோக். கிளம்பியதும் கொஞ்சம் நீலப் புகை தள்ளிவிட்டு நின்றுபோனால் வால்வுப் பக்கம் தேய்மானம். ஓட ஓட நீலம் விடாமல் வந்தால் ரிங்கும் போரும் போய்விட்டன. பயப்பட வேண்டாம், லேத் பட்டறையில் தீரும். ஆனால் போர் இப்போது எந்த சைஸில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரீபோர் செய்யும்போதெல்லாம் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று பிஸ்டன் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசி சைஸ் முடிந்திருந்தால் அடுத்து ஸ்லீவ் மாற்றும் செலவு, அதையும் விலையில் கழிக்க வேண்டும்.

இன்ஜினைவிட நான் அதிகம் கவலைப்படுவது வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பற்றி. ஹேண்டில் பாருக்குக் கீழே, டேங்க் ஆரம்பிக்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி முழுக்கப் பழைய பெயிண்ட், அங்கே மட்டும் புதுசு என்றால், எப்போதோ எதன்மீதோ மோதி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். "டக் டக்" என்றால் ஸ்விங் ஆர்ம் புஷ் காலி. முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி ஹேண்டிலை மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. புஷ்ஷும் கோன் செட்டும் சின்னச் செலவு, பேரம் பேச உதவும். வளைந்த சட்டம் சின்னச் செலவு அல்ல. கும்பிட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள்.

கடைசியாகச் சேஸ் நம்பர். பென்சிலும் மெல்லிய காகிதமும் கொண்டுபோய்த் தேய்த்து எடுத்து, ஆர்சியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லை, சுற்றிலும் இரும்பைத் தேய்த்த தடம் தெரிகிறது என்றால், எழுந்து வந்துவிடுங்கள். டீக்கு வேண்டுமானால் காசு கொடுத்துவிட்டு.

கே: அருமையான புல்லட். விலையும் குறைவு. ஆர்சி புத்தகம் மட்டும் தொலைந்துவிட்டதாம், "பின்னாடி எடுத்துக்கலாம்" என்கிறார். வாங்கட்டுமா?
– அவசரக்காரன், தேனி

ப: வாங்குங்கள். ஆனால் முன்னாடி எடுத்த பிறகு.

இதில் மட்டும் எனக்கு இரக்கமே கிடையாது. பழைய வண்டியில் இரும்பு எதுவானாலும் எங்கேயாவது ஒரு பட்டறையில் செய்துகொடுத்துவிடுவார்கள். காகிதத்தை எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடாது. செய்தால் வேறு இடத்தில் கம்பி எண்ண வேண்டும். ஆர்சி உண்மையிலேயே தொலைந்திருந்தால், பதிவில் பெயருள்ள ஓனர் படிவம் 26-ல் விண்ணப்பித்து நகல் வாங்கலாம். அவர் வாங்கட்டும். அவர் பெயரில் நகல் வந்த பிறகு உங்கள் பெயருக்கு மாற்றலாம். நடுவில் இருக்கும் புரோக்கர் "ஓனர் ஊரில் இல்லை" என்றால், ஓனர் ஊருக்கு வரும்வரை உங்கள் பணமும் உங்கள் ஊரிலேயே இருக்கட்டும்.

இன்னும் மூன்று இடங்களில் கண் வையுங்கள். ஆர்சியில் பேங்க் அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் எப்போதோ அடைந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. படிவம் 35-ம் அவர்கள் தரும் தடையில்லாச் சான்றும் வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் கடன் கொடுத்த அந்தச் சின்ன ஃபைனான்ஸ் கம்பெனி இன்று இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள், பல இல்லை. இரண்டாவது, ஓனர் காலமாகியிருந்தால் மகன் கையெழுத்துப் போட்டு விற்றுவிட முடியாது. முதலில் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். மூன்றாவது, பதிவுக்கே காலக்கெடு உண்டு. முதல் பதிவு பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். பத்து வருஷமாக எஃப்சி காட்டாமல் மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டி என்றால், விலை பேசும் முன் அந்த ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு நடை விசாரித்துவிடுங்கள்.

கே: என் பழைய வண்டியை விற்று நாலு வருஷமாகிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. ஹெல்மெட் சலான் இன்னும் என் செல்போனுக்கு வருகிறது. சிரிப்பதா அழுவதா?
– பழைய ஓனர், விருதுநகர்

ப: சலானோடு நின்றால் சிரிக்கலாம். விபத்து நடந்தால்? பல கை மாறிய ஒரு வாகனத்தின் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. விற்றவர் பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது வாங்குகிறவரைவிட உங்களுக்குத்தான் பாதுகாப்பு. நம் ஊரிலோ 29, 30 இரண்டு படிவங்களிலும் தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். உடனே அந்த ஆளைத் தேடிப் பிடித்து, கையோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். பெட்ரோல் செலவு உங்களுடையதாக இருந்தாலும் லாபம்தான்.

கே: அப்பாவின் பழைய புல்லட்டை ஓட்ட ஆசை. எனக்கு நாற்பத்தெட்டு கிலோ. "உதைக்க உன் எடை போதாது, திருப்பி அடிச்சா கால் போயிடும்" என்கிறான் அண்ணன்.
– தங்கச்சி, பொள்ளாச்சி

ப: அண்ணனை ஒருநாள் வெளியூர் அனுப்பிவிட்டு இதைச் செய்யுங்கள் தங்கச்சி. சாவியை ஆன் செய்து, ஹெட்லைட் மண்டையில் இருக்கும் அம்மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். ஓரிடத்தில் கால் கெட்டியாக முட்டும், முள்ளும் நடுவுக்கு வரும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது இடக்கைப் பக்கம் இருக்கும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி, கிக்கர் லேசாகும். கொஞ்சம் மட்டும் தாண்டவிடுங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, தயங்காமல் அடிவரை ஒரே அழுத்து. ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. எண்பது கிலோ அண்ணன் வியர்க்க வியர்க்க உதைப்பது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் உதைப்பதால்.

திருப்பி அடிப்பது உண்மைதான், ஆனால் அது வண்டியின் குணம் அல்ல, கோளாறு. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பிளக் பொறி விட்டால், வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே தள்ளும். கிக்கர் உங்கள் காலைத் தள்ளும். பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. இருக்கிறதா, டைமிங் முந்தியிருக்கிறதா, ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்போடு உதைக்காதீர்கள், முட்டியை விறைப்பாக வைக்காதீர்கள்.

முக்கியமான இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகே ரோட்டுக்கு வாருங்கள். குறுக்கே நாய் ஓடும்போது மூளையைக் கேட்டுக்கொண்டு கால் இயங்காது. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் நாய் தப்பிக்கும், நீங்கள் தப்பிப்பது சந்தேகம். சிக்னலில் நியூட்ரல் விழவில்லையா? கியர் பெட்டியோடு இருக்கும் சின்ன நியூட்ரல் லீவரைக் குதிகாலால் அழுத்துங்கள். முதல் கியரைத் தவிர எதிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இத்தனை புது வண்டிகள் வந்தும் இந்த வசதி ஏன் ஒன்றிலும் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

கே: பழைய வண்டி வாங்கப்போவதை வீட்டம்மாவிடம் எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

ப: நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரியே வாசல் கோலத்தில் ஆயில் சொட்டும். அதுவே விவரமாகச் சொல்லிவிடும்.

கே: மச்சான் ஒரு ஜாவா வாங்கி வந்திருக்கிறான். கிக்கரே இல்லை! ஏமாந்துவிட்டானா?
– மாமன், ஆம்பூர்

ப: ஏமாறவில்லை. இடது பக்கக் கியர் லீவரை உள்ளே அழுத்தி மேல்நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். அதுதான் கிக்கர். கிளம்பியதும் மறுபடி கீழே இறக்கினால் கியர். ஒரே லீவருக்கு இரண்டு உத்தியோகம். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஜாவாவில் கியர் லீவரை அசைத்தாலே கிளட்ச் தானாக விலகும், கையால் பிடிக்காமலே கியர் மாற்றலாம். செக்கோஸ்லோவாக்கியாக்காரர்களின் மூளை இது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்தது. பிறகு யெஸ்டி என்று பெயர் மாறி, 1996-ல் கதவடைத்தது. கிக்கர் எங்கே என்று தெரியாமலேயே வாங்கி வந்த மச்சானின் துணிச்சல்தான் கொஞ்சம் கவலை தருகிறது.

கே: டூ ஸ்ட்ரோக்கில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும்? அப்பா ஒரு கணக்கு, மெக்கானிக் ஒரு கணக்கு, பங்க் பையன் ஒரு கணக்கு.
– புகைச்சல், ஆத்தூர்

ப: மூன்று பேரையும் விடுங்கள், வண்டியைக் கேளுங்கள். யெஸ்டி, ராஜ்தூத் 175 என்றால் பெட்ரோலோடு கலந்தே ஆக வேண்டும். கையேடு கிடைத்தால் அதில் இருக்கும் விகிதம். கிடைக்காவிட்டால், இன்றைய நல்ல டூ-டி ஆயிலுக்கு லிட்டருக்கு 30 மி.லி.க்கு அக்கம்பக்கம் போதும். உங்கள் அப்பாவின் கணக்கு அதிகமாக இருக்கும், அவர் காலத்து ஆயிலுக்கு அது சரி. இன்று அதே அளவு ஊற்றினால் பிளக் கருகும், சைலன்சர் கரியால் அடையும், பின்னால் வரும் பஸ் டிரைவர் உங்கள் வம்சத்தையே வாழ்த்துவார்.

ஆர்எக்ஸ் 100-ல் கதை வேறு. அதற்குத் தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு; ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப தானே ஆயில் விடும். அப்படியானால் கலக்க வேண்டாமே என்பீர்கள். இங்கேதான் பல பேர் இன்ஜினைத் தொலைக்கிறார்கள். இந்த வண்டிகளில் நிறையவற்றில் பம்ப் பழுதாகி, பழைய ஓனர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பெட்ரோலில் கலந்தே ஓட்டியிருப்பார். விற்கும்போது சொல்ல மறந்துவிடுவார். நீங்கள் ஆயில் டேங்கை நிரப்பிவிட்டு நிம்மதியாகச் சுத்த பெட்ரோலில் கிளம்புவீர்கள். சில கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். "பம்ப் இருக்கா, வேலை செய்யுதா, இல்லை கலந்து ஓட்டினீங்களா?" என்பதுதான் ஆர்எக்ஸ் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விலை இரண்டாவது.

ஆத்தூர் என்கிறீர்கள், கொல்லிமலை ஆசை வரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியபடி இன்ஜின் பிரேக்கிங்கிலேயே உருளாதீர்கள். கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. அவ்வப்போது லேசாகத் திருகி ஒரு மடக்கு கொடுங்கள்.

கே: ராஜ்தூத் 350 வாங்க வேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம். உங்கள் ஆசி?
– ஸ்பீடு, மதுரை

ப: ஆசி உண்டு. பயமும் உண்டு. யமஹா ஆர்டி 350-ன் இந்தியப் பதிப்பு அது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். முதலில் வந்த ஹை டார்க்குக்கு 30.5 குதிரைசக்தி, பிறகு வந்த லோ டார்க்குக்கு 27. மற்ற நாடுகளில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்து விற்ற வண்டியை இங்கே டிரம் பிரேக்கோடு இறக்கினார்கள். 1980-களின் இந்திய ரோட்டில் அந்த வேகத்தையும் அந்த பிரேக்கையும் சேர்த்து விட்டதன் பலனை அந்தக் காலத்து எலும்பு டாக்டர்கள் சொல்வார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது: உதிரி பாகத்துக்கும் பெட்ரோலுக்கும் நீங்கள் யோசிக்கிறவர் என்றால் லட்சியத்தைச் சுவரில் படமாக மாட்டுங்கள்.

கே: புல்லட்டுக்கு "டப் டப்" சத்தம் கூட வேண்டும். என்ன சைலன்சர் போடலாம்?
– சவுண்டு பார்ட்டி, கடலூர்

ப: அந்தச் சத்தம் சைலன்சரில் பிறப்பதில்லை. பழைய 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. குறுகி உயர்ந்த சிலிண்டர், கனமான ஃப்ளைவீல். ஆகவே ஐடிலில் நிதானமாகச் சுற்றினாலும் நிற்காது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே காதுக்கு நேரம் கிடைக்கிறது. கார்புரேட்டரையும் டைமிங்கையும் ஒழுங்காக வைத்து ஐடிலைக் குறைத்துப் பாருங்கள், அதுதான் நிஜமான டப் டப். ஓட்டைச் சைலன்சர் போட்டால் கூடுவது இரைச்சல், அபராதம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை. டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அந்த இன்ஜினில் சைலன்சர் வெறும் குழாய் அல்ல. அதன் வடிவத்தில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்தால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும்.

கே: இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
– சந்தேகம், திருவாரூர்

ப: ஓடும். உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனால் இருபது சதவீத எத்தனால் அந்த வண்டிகளைச் செய்தவர்களின் கனவிலும் வந்திருக்காது. பழைய ரப்பர் டியூபும் கார்புரேட்டரின் வாஷர்களும் ஊறி உப்பலாம், விரிசல் விடலாம். இன்றைக்குக் கிடைக்கும் நல்ல டியூபாக மாற்றிவிடுங்கள், சின்னச் செலவு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் நீர்த்துப்போகும், இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் இது விளையாட்டல்ல. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் போய் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டச் சொல்லுங்கள்.

பெரிய எதிரி தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் இறங்கும். டேப் இருப்பதும் அடியில்தான். உங்கள் ஊர் ஐப்பசி மழையில் மூடி ரப்பர் இற்றுப்போன டேங்கை வெளியே நிறுத்தினால் காலையில் கார்புரேட்டருக்குப் போவது முதலில் அந்தத் தண்ணீரே. மாதக்கணக்கில் ஓட்டமாட்டீர்கள் என்றால் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரைக் காலி செய்து வையுங்கள்.

கே: தாத்தாவின் 1968 ஜாவா வீட்டில் இருக்கிறது. "விண்டேஜ்" பதிவு செய்துகொண்டால் கெத்தாக இருக்குமே?
– பேரன், காரைக்குடி

ப: கெத்து இருக்கும், வண்டி ஓடாது. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை அப்படிப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. தாத்தா பெயரில் பழைய ஆர்சி உயிரோடு இருந்தால், அதை வாரிசு பெயருக்கு மாற்றிப் புதுப்பித்துச் செட்டிநாட்டு ரோடுகளில் ஓட்டுங்கள். கூடத்தில் நிறுத்தித் துணி போர்த்த வேண்டுமென்றால் எதற்குப் பதிவு?

கே: முழுசாகப் பிரித்து, புதுசு போல ரீஸ்டோர் செய்ய என்ன செலவாகும்?
– கனவு, திருப்பூர்

ப: எவ்வளவு வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு ஆகும், அதற்கு மேலும் கொஞ்சம். வாங்கிய வாரமே வண்டியைக் கோணியில் மூட்டை கட்டிப் பட்டறையில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அதே கோணி, "எண்பது சதவீத வேலை முடிந்தது, நேரமின்மையால் விற்பனைக்கு" என்று வரும். மீதி இருபதில்தான் எல்லாமே இருக்கும்.

முதலில் ஓட்டுங்கள். உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவையானவற்றை மட்டும் உடனே மாற்றுங்கள்: பிரேக் ஷூ, கேபிள்கள், பெட்ரோல் டியூப், டயர். டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ம் வருஷத்தின் 23-வது வாரம் செய்தது. அப்படிப்பட்ட டயர் பார்க்கப் புதுசு, ஈர ரோட்டில் சோப்புக்கட்டி. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஓட்டினால் எது நிஜமான கோளாறு, எது வெறும் அழுக்கு என்று வண்டியே காட்டும். கம்பெனி பெயிண்ட் மங்கியிருந்தாலும் இருக்கட்டும். மறுபடி அடிக்க எத்தனை தடவையும் முடியும், கம்பெனி அடித்தது ஒரு தடவைதான்.

இன்ஜின் வேலைக்கு எதிர்பார்த்தபடி செலவாகும், பொறுத்துக்கொள்ளலாம். ஆளைக் கொல்வது சில்லறைதான்: டேங்க் பேட்ஜ், சைடு பேனல், பழைய ஸ்பீடோமீட்டர், டூல் பாக்ஸ் மூடி. புல்லட்டுக்கு இவை கிடைக்கும். தயாரிப்பு நின்ற மற்ற வண்டிகளுக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். சென்னைக்கு வந்தால் ஜி.பி. ரோட்டில் புது உதிரி, புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் உதிரி. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒட்டி வைத்துப் பார்த்து வாங்குங்கள். "இதே மாதிரிதான் சார், கண்டிப்பா சேரும்" என்பது சென்னையிலிருந்து திருப்பூர் வந்ததும் சேராது. ஆகவே, கொஞ்சம் விலை கூடுதலானாலும் எல்லாப் பாகமும் இருக்கும் வண்டியை வாங்குங்கள். பாதி வண்டியை மலிவாக வாங்குவதுதான் இந்த உலகத்தில் அதிகச் செலவு பிடிக்கும் சிக்கனம்.

கே: தினமும் ஆபீஸ் போக ஒரு பழைய வண்டி. ரிப்பேர் கூடாது, மைலேஜ் வேண்டும், உதிரி எங்கும் கிடைக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும்.
– சிக்கனம், ஓசூர்

ப: பழைய ஹீரோ ஹோண்டா. சிடி 100 அல்லது ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி, எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், திருடனும் உட்பட. நேரத்துக்கு ஆபீஸ் போவீர்கள். வேறென்ன?

கே: நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் யெஸ்டி நடுவழியில் முக்கி நின்றுவிட்டது. உதைத்து உதைத்து ஓய்ந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். மெக்கானிக் குனிந்து எதையோ திருகினார், ஒரே உதை, கிளம்பிவிட்டது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்களுக்காவது தெரியுமா?
– அப்பாவி, அரக்கோணம்

ப: பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினார். பங்க் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டீர்களா? அடுத்த தடவை திருகினாலும் கிளம்பாது.